பதின்ம வயதுப் பிள்ளையும் செட்டிநாட்டு வீடும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடி வட்டாரத்தில் பதின்ம வயதுப் பிள்ளை வைத்திருப்பவர்கள் டியூஷன் வாசலிலும், கல்யாணப் பந்தியிலும், கோயில் பிரகாரத்திலும் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளும் கேள்விகள் இவை. எங்கள் வீட்டில் இரண்டு உருப்படி உண்டு. பெண் பிளஸ் டூ, பையன் ஒன்பதாவது. பதில்களில் பாதி அனுபவம், கொஞ்சம் அறிவியல், மீதி என் மாமியார், அதாவது பிள்ளைகளின் அப்பத்தா, சொன்னது.

எத்தனை தடவை கூப்பிட்டாலும் பையன் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. காது டாக்டரிடம் காட்டலாமா?

காசை வீணாக்க வேண்டாம். வீட்டிலேயே பரிசோதனை செய்யலாம். வெள்ளைப் பணியாரத்துக்கு எண்ணெய் காயவைத்து முதல் கரண்டி மாவை ஊற்றுங்கள். அந்தச் ‘சொய்ங்’ சத்தம் அடங்குவதற்குள் மாடியில் இருந்தவன் அடுப்படி வாசலில் நிற்பான். நின்றானா? காதில் ஒரு கோளாறும் இல்லை.

கோளாறு உங்கள் குரலில்தான். 2022-இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பிள்ளைகளின் மூளையை ஸ்கேன் செய்து பார்த்தார்கள். சிறு வயதில் அம்மாவின் குரலைக் கேட்டாலே மூளையில் மகிழ்ச்சி தரும் பகுதிகள் சுறுசுறுப்பாகின்றன. பதின்மூன்று வயது வாக்கில் இது தலைகீழாகி, முன்பின் தெரியாதவர் குரலுக்கு அந்தப் பகுதிகள் அதிகமாக விழித்துக்கொள்கின்றன. வெளி உலகத்தோடு பழகத் தயாராவதற்கான ஏற்பாடு அது என்கிறார்கள்.

எங்கள் வீட்டில் இதை ஸ்கேன் இல்லாமலே பார்த்திருக்கிறோம். நான் தொண்டை கிழியக் கத்தினால் பதில் வராது. எதிர்வீட்டு ஆச்சி திண்ணையிலிருந்து “தம்பீ” என்று அரைக்குரலில் சொன்னால் போதும், “இதோ வந்துட்டேன் ஆச்சி” என்று ஓடுவான். இப்போதெல்லாம் அவசரம் என்றால் நான் நேராக எதிர்வீட்டுக்குப் போய்விடுகிறேன்.

இத்தனை பெரிய வீட்டில் இருந்துகொண்டு “எனக்குத் தனி ரூம் இல்லை” என்கிறான். இது நியாயமா?

வெளியூர்க்காரர்களுக்கு இது புரியவே புரியாது. முகப்பு, நடுவே முற்றம் வைத்த வளவு, அதற்குப் பின்னால் இரண்டாங்கட்டு, அடுப்படி என்று ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகிற வீடு. முகப்பில் நின்று பார்த்தால் வாசலுக்கு நேர் வாசலாகப் பின்கட்டு வரை தெரியும். அந்தக் காலத்தில் கட்டியவர்கள் காற்றும் வெளிச்சமும் வரட்டும் என்று கட்டினார்கள். பதினைந்து வயதுப் பையன் ஒருவன் யாருக்கும் தெரியாமல் ஐஸ்கிரீம் டப்பாவோடு அதைக் கடந்து போக வேண்டியிருக்கும் என்று அவர்கள் நினைத்திருக்க மாட்டார்கள்.

வளவைச் சுற்றி அறைகள் இருக்கின்றன, உண்மைதான். ஆனால் ஒவ்வொன்றும் ஒரு பங்காளியின் பங்கு. பாதி அறைகளில் சீர் சாமான்கள் அடுக்கியிருக்கும், சாவி சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருக்கும். ஜன்னலும் கிடையாது. அறை என்பது பெட்டியும் பாத்திரமும் பத்திரமாக இருக்கும் இடம், மனிதர்கள் படுப்பது வெளியே, வளவைச் சுற்றி ஓடும் தாழ்வாரமான பத்தியில் என்றுதான் பழக்கம்.

எங்கள் பையன் இந்தக் கோரிக்கையை அப்பத்தாவிடமே வைத்தான். நகரத்தார், அதாவது நாட்டுக்கோட்டைச் செட்டியார், வழக்கத்தில் கல்யாணம் ஆனவரைத்தான் ஒரு ‘புள்ளி’யாகக் கணக்கு வைப்பார்கள், கோயில் வரியும் புள்ளிக்கு இவ்வளவு என்றுதான். அப்பத்தா வெற்றிலையை மடித்தபடியே சொன்னார்: “கல்யாணம் ஆனாத்தான் புள்ளி. புள்ளியானாத்தான் அறை. பொண்ணு பார்க்கவா?” அதற்குப் பிறகு அவன் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

ஆனாலும் தனிமை கேட்பதில் தப்பில்லை. அந்த வயதில் அது பசி மாதிரி வருவது. எங்கள் வீட்டில் மாடியில் ஒரு மூலையில் பழைய கணக்குப்பிள்ளை மேசையைப் போட்டு, குறுக்கே ஒரு வேட்டியைத் திரையாகக் கட்டிக் கொடுத்தோம். திரை மூடியிருந்தால் கூப்பிடாமல் உள்ளே போகக்கூடாது என்று ஒப்பந்தம். அப்பத்தாவுக்கு முழங்கால் வலி, மாடி ஏற முடியாது என்பது அவன் செய்த பாக்கியம்.

வைஃபை வீடு முழுக்கக் கிடைக்க என்ன செய்யலாம்? தினமும் சண்டை.

செங்கலும் சுண்ணாம்பும் வைத்து முழத்தைத் தாண்டிய கனத்தில் எழுப்பி, முட்டை வெள்ளைக்கரு சேர்த்து இழைத்த சுவர்கள். வெயிலையே உள்ளே விடாதவை, வைஃபையை விடுமா? ரூட்டர் முகப்பில் இருந்தால், நேர் வாசல்கள் வழியாகத்தான் சிக்னல் நூல் பிடித்தாற்போல் உள்ளே வரும். அந்தக் கோட்டை விட்டு இரண்டு அடி விலகினால் போச்சு.

எங்கள் வீட்டில் போன் சிக்னல் கோடுகளை முழுதாகக் காட்டுகிற ஒரே இடம் வளவுக்குள் நுழையும் நிலைப்படி. நிலைப்படியில் உட்காரக்கூடாது, லட்சுமி வருகிற வழி. ஆன்லைன் வகுப்பு நடக்கும்போது பையன் ஒரு சாண் தள்ளி, கையை மட்டும் நிலைக்கு நேரே நீட்டிப் பிடித்துக்கொண்டு உட்காருவான். போகிற வருகிறவர்கள் எல்லாம் அந்தக் கையைத் தாண்டிப் போகிறோம். அப்பத்தாவுக்கும் மனம் கேட்கவில்லை. ஒருநாள், “அந்த டப்பாவையே கொண்டாந்து உள்ள வையேன்டா” என்று ரூட்டரைக் காட்டிச் சொன்னார். பிள்ளைகள் படித்த படிப்பில் யாருக்கும் தோன்றாதது அது.

தொழில்நுட்பமாகச் சொன்னால்: ரூட்டரில் 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ் என்று இரண்டு அலைவரிசை இருக்கும். 5 வேகமானது, ஆனால் சுவரைத் தாண்டுவதில் நோஞ்சான். கனமான சுவருக்கு 2.4 தேவலை. நிரந்தரத் தீர்வு வேண்டுமென்றால் இரண்டாங்கட்டுக்கு ஒரு கேபிள் இழுத்து அங்கே இன்னொரு ரூட்டர் வைக்கலாம். என் சொந்த அபிப்பிராயம், அவசரப்பட வேண்டாம். சிக்னல் வளவில் மட்டும் கிடைக்கிறவரை பிள்ளைகளும் வளவில் கிடைப்பார்கள்.

ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு எழுந்திருக்கிறான். சோம்பேறித்தனமா, வியாதியா?

இரண்டும் இல்லை. தூக்கத்தை வரவழைக்கும் மெலடோனின் என்ற சுரப்பு பதின்ம வயதில் இரவில் தாமதமாகத்தான் சுரக்கிறது. சின்னப் பிள்ளையாக இருந்தபோது ஒன்பது மணிக்குச் சொக்கியவன், இப்போது பதினொன்றுக்கும் முழித்திருப்பான். அதற்கு மேல் கையில் போன் வேறு. பதின்மூன்றிலிருந்து பதினெட்டு வயது வரை 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் தேவை என்கிறார்கள் மருத்துவர்கள். விடிகாலை டியூஷனுக்கு எழுப்பிவிட்டால் வாரம் முழுக்கச் சேருகிற பாக்கியை ஞாயிற்றுக்கிழமை வட்டியோடு வசூலிக்கிறான். வட்டிக் கணக்கு நம் ஊருக்குப் புதிதில்லையே.

ஒரு எச்சரிக்கை: வெயில் காலத்தில் பாயைச் சுருட்டிவிட்டால் எழுந்துவிடுவான் என்று நினைக்காதீர்கள். ஆத்தங்குடிக் கல், அதாவது கையால் செய்த சிமென்ட் தரை ஓடு, பாவிய தரை. அந்தக் குளிர்ச்சியில் உருண்டு போய் இன்னும் நன்றாகத் தூங்குவான்.

வீட்டுச் சாப்பாட்டைப் பார்த்தாலே முகம் சுளிக்கிறாள். என்ன சமைப்பது?

சென்னையிலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் ஆட்கள் காரில் வந்து கானாடுகாத்தானில் ரூம் போட்டு, வாழை இலை முன்னால் உட்கார்ந்து, அரிசி கழுவிய தண்ணீரில் புளி கரைத்து வைக்கும் வெண்டைக்காய் மண்டியைப் போட்டோ எடுத்துவிட்டுச் சாப்பிடுகிறார்கள். அதே மண்டியை நம் வீட்டில் வைத்தால் “மறுபடியும் இதானா?” என்ற கேள்வி வரும். எங்கள் பெண் அப்படித்தான் ஒரு மாலை கறுப்புக் கவுனி அரிசியை ஒதுக்கிவிட்டு நூடுல்ஸ் கிண்டினாள். மறுநாள் எங்கோ ஒரு வீடியோவில் அதே அரிசியை ‘பிளாக் ரைஸ் புட்டிங்’ என்று ஒருத்தி தேங்காய்ப் பால் ஊற்றிச் சாப்பிட, “அம்மா, இது நம்ம வீட்ல பண்ண முடியுமா?” என்று கேட்டாள். முடியும் என்றேன். முந்தின நாள் மிச்சம் ஃபிரிட்ஜில் இருந்தது.

பையன்கள் விஷயம் வேறு. அவர்கள் எதையும் ஒதுக்குவதில்லை, எதையும் மிச்சமும் வைப்பதில்லை. வளர்ச்சி வேகம் உச்சத்தில் இருக்கும்போது ஒரு வருடத்தில் 9 சென்டிமீட்டர் வரை உயருவார்கள். தீபாவளிக்கு எடுத்த பேன்ட் பொங்கலுக்குக் கணுக்காலுக்கு மேலே நிற்கும். அந்த உயரத்துக்கான செங்கலும் சுண்ணாம்பும் நம் பலகார டின்னிலிருந்துதான் போகிறது. தேன்குழல் டின்னை மூடி, அதே இடத்தில், அதே கோணத்தில் வைத்திருப்பான். தூக்கிப் பார்த்தால் காற்று. உள்ளே அடியில் விரித்த செய்தித்தாளும் அதில் எண்ணெய் வட்டமும் மட்டும் இருக்கும். காலி டின்னைக் கழுவப் போடுவதில் அப்படி என்ன கஷ்டம் என்று கேட்டேன். “காலியாயிடுச்சுன்னு யார் சொன்னா? தூள் இருக்குல்ல” என்றான்.

அப்பத்தா எதற்கெடுத்தாலும் ரங்கூன் கதை சொல்லி ஒப்பிடுகிறார். பிள்ளைகள் எரிச்சலாகிறார்கள்.

இதில் யார் பக்கம் நிற்பது என்பது மருமகள்களுக்கு விதிக்கப்பட்ட சோதனை.

அப்பத்தா சொல்வதில் பொய் இல்லை. பர்மாவில் நகரத்தார் கொடுக்கல் வாங்கல் நடத்திய காலத்தில் பையன்கள் மீசை முளைக்கிற வயதிலேயே கப்பலேறினார்கள். கடையில் பெட்டியடிப் பையனாகச் சேர்ந்து கணக்கெழுதவும் கடன்காரன் முகத்தைப் படிக்கவும் கற்றுக்கொள்வார்கள். ஒரு தடவை போனால் மூன்று வருடத் தவணை முடிந்துதான் ஊர் திரும்புவது. முகப்பில் தலைப்பாகையோடு படத்தில் இருக்கிற பாட்டையா அப்படிப் போனவர்தான்.

போன வருடம் பையன் கணக்கில் சறுக்கியபோது அப்பத்தா படத்தைக் காட்டி ஆரம்பித்தார். “உன் வயசுல பாட்டையா மூணு வருஷம் ஆத்தா மூஞ்சியப் பார்க்காம ரங்கூன்ல கெடந்தாக.” பையன் படத்தை நிமிர்ந்து பார்த்தான். “மூணு வருஷம் யாருமே ‘படிச்சியா, சாப்பிட்டியா’ன்னு கேக்கலையா அப்பத்தா? செம ஜாலியா இருந்திருப்பாங்க.” அப்பத்தாவுக்குக் கோபம் வரும் என்று நான் அடுப்படிப் பக்கம் நகர்ந்தேன். அவர் கொஞ்ச நேரம் படத்தைப் பார்த்துவிட்டு, “இருந்திருப்பாக” என்றார். அன்று ரங்கூன் கதை அத்தோடு நின்றது.

ஒன்று கவனித்தேன். நாம் நடுவில் புகாமல் இருந்தால் பேரப்பிள்ளையும் அப்பத்தாவும் தாங்களே ஒரு ராசிக்கு வந்துவிடுகிறார்கள். புகுந்தால் இரண்டு பக்கமும் நமக்குத்தான் அடி.

கண்ணாடி முன்னால் அரை மணி நேரம் நிற்கிறார்களே?

நிற்கட்டும். பருக்கள் வருவதற்குக் காரணம் பருவத்தில் ஏறுகிற ஹார்மோன்கள் தோலின் எண்ணெய்ச் சுரப்பிகளைக் கிளப்பிவிடுவதுதான். கிள்ளாதே, இரண்டு வேளை முகம் கழுவு என்று சொல்லிவிட்டு நகருங்கள். அதிகமானால் தோல் மருத்துவர் இருக்கிறார். வீட்டில் ரசம் போன பெல்ஜியம் கண்ணாடி இருந்தால் மட்டும் அதற்குப் பதில் ஒரு சாதாரணக் கண்ணாடி வாங்கி மாட்டுங்கள். அதில் தெரிகிற கறுப்புப் புள்ளிகளை எல்லாம் தன் முகத்துக் கணக்கில் எழுதி ஒரு காலை முழுக்க அழுதவள் எங்கள் வீட்டில் இருக்கிறாள்.

பிள்ளையார் நோன்பு அன்று கூட போனும் கையுமாக இருக்கிறான். கண்டிக்கலாமா?

தெரியாதவர்களுக்காக: கார்த்திகை தீபத்திலிருந்து இருபத்தோராம் நாள், சஷ்டியும் சதயமும் கூடும் வேளையில் நகரத்தார் வீடுகளில் நோன்பு. நாளுக்கு ஒன்றாக எடுத்துச் சேர்த்த இருபத்தோரு நூலிழையைத் திரியாக்கி, வெல்லமும் நெய்யும் பிசைந்த மாவில் வைத்து, ஏற்றிய சுடரோடு வாயில் போட்டுக்கொள்ள வேண்டும். இதற்கு ‘இழை எடுத்துக்கொள்வது’ என்று பெயர்.

எரிகிற தீயை விழுங்குகிற சடங்கு. இதைவிட ரீல்ஸுக்கு என்ன வேண்டும்? பையன் விளக்கைத் தள்ளி வைத்தான், அக்காளைக் கேமராவாக நிற்க வைத்தான், தலைமுடியைச் சரிசெய்தான். அப்பத்தா கையில் இழை எரிந்துகொண்டிருக்கிறது. “ஒரு நிமிஷம் அப்பத்தா, ஃபோகஸ் ஆகல.” நெய் உருகி விரலுக்கு வந்துவிட்டது. “ஃபோக்கஸும் கீக்கஸும்! வாயத் தொறடா!” என்று அதட்டியதில் அவன் திறந்தான், சுடர் உள்ளே போனது, முழித்த முழியோடு வீடியோ முடிந்தது.

சாயங்காலத்துக்குள் கோலாலம்பூர்ச் சித்தப்பா வரை பார்த்துவிட்டார்கள். எல்லோரும் ரசித்தது இழையை அல்ல, அதட்டலை. மறுநாள் காலை அப்பத்தா காப்பி டம்ளரோடு வந்து மெதுவாகக் கேட்டார்: “எத்தனை பேர் பார்த்துருக்காக?” கண்டிக்கலாமா என்ற கேள்வி எங்கள் வீட்டில் அத்தோடு காலாவதி.

கல்யாண வீடுகளுக்கு வர மறுக்கிறார்கள்.

வந்தால் என்ன நடக்கிறது என்று பாருங்கள். “எத்தனாவது?”, “எவ்வளவு மார்க்?”, “நீட்டா, என்ஜினியரிங்கா?”, “என்ன இப்படி இளைச்சுட்ட?”, பத்தடி தள்ளி இன்னொருவர் “என்ன இப்படிப் பெருத்துட்ட?” பெரியவர்களே ஓடிவிடுவார்கள்.

இதற்கு ஒரு கைகண்ட வழி உண்டு. கையில் ஒரு தண்ணீர் ஜக்கைக் கொடுத்துப் பந்திக்கு அனுப்புங்கள். தண்ணீர் ஊற்றுகிறவனிடம் யாரும் மார்க் கேட்பதில்லை. “தம்பி, இங்க” என்பது மட்டும்தான் பேச்சு. அப்புறம் முதல் பந்தியிலேயே எது ருசி என்று தெரிந்துகொண்டு, அடுத்த பந்தியில் சரியான இடம் பிடித்து உட்கார்ந்துவிடுவான். எங்கள் பையன் இப்போது அழைப்பிதழ் வந்தால் முதலில் கேட்பது சமையல்காரர் யார் என்றுதான்.

பத்து நிமிடத் தூரம்தானே, ஸ்கூட்டரைக் கொடுத்து டியூஷனுக்கு அனுப்பலாமா?

இதில் மட்டும் சிரிப்புக்கு இடமில்லை. 16 வயதில் 50 சிசி வரையிலான கியர் இல்லாத வண்டிக்குத்தான் உரிமம் கிடைக்கும். நம் வீடுகளில் நிற்கிற ஸ்கூட்டர்கள் 100 சிசிக்கு மேல். அதற்கு 18 ஆக வேண்டும். 2019-இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டப்படி சிறுவர் ஓட்டிக் குற்றம் நிரூபணமானால் பெற்றோருக்கோ வண்டி உரிமையாளருக்கோ 25,000 ரூபாய் அபராதம், மூன்று ஆண்டு வரை சிறை. வண்டியின் பதிவு 12 மாதம் ரத்து, பிள்ளைக்கு 25 வயது வரை உரிமம் கிடையாது.

நீங்களே கொண்டு போய் விடுங்கள். அதில் ஒரு லாபமும் இருக்கிறது. வீட்டில் முகத்துக்கு முகம் உட்கார்ந்து “ஸ்கூல்ல என்ன நடந்துச்சு?” என்று கேட்டால் “ஒண்ணுமில்ல” என்பதோடு சரி. ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்தால், நம் கண் அவர்கள் மேல் இல்லை என்ற தைரியத்தில் தானாகப் பேச்சு வரும். யாரோடு சண்டை, எந்தப் பாடம் புரியவில்லை, யாருக்கு யாரைப் பிடித்திருக்கிறது எல்லாம் எனக்குத் தெரிந்தது கல்லூரிச் சாலைக்கும் செக்காலைக்கும் நடுவில்தான். கேட்டதும் திரும்பிப் பார்த்துவிடாதீர்கள். வண்டிக்கும் ஆபத்து, பேச்சுக்கும் ஆபத்து. சில நாள் வேண்டுமென்றே சுற்று வழியில் போகிறேன். பெட்ரோல் விலையைப் பார்த்தால் கட்டுப்படியாகாதுதான், ஆனாலும் போகிறேன்.

பெண் பஸ் ஸ்டாண்டில் யாரோடோ பேசிக்கொண்டிருந்ததாக மூன்று பேர் போன் செய்தார்கள்.

மூன்று பேர்தானா? நம் ஊர் அளவுக்கு அது குறைவு. காரைக்குடி 2024-இல் மாநகராட்சி ஆகிவிட்டதே தவிர, சேதி பரவுகிற வேகத்தில் இன்னும் ஒரே தெருதான். போன் செய்தவர்களுக்கு “எனக்குத் தெரியுமே” என்று சொல்லி வையுங்கள். பிறகு பெண்ணிடம், போன் வந்தது என்பதை மட்டும் சாதாரணமாகச் சொல்லுங்கள். எங்கள் வீட்டில், “அது பயாலஜி நோட்டுக் கேட்ட பையன். போன் பண்ணினது யாருன்னும் எனக்குத் தெரியும், அந்தப் பக்கத்துல மூணு பேரும் நின்னுக்கிட்டுத்தான் இருந்தாங்க” என்று பதில் வந்தது.

இன்ஸ்டாகிராமில் அம்மாவை பிளாக் செய்திருக்கிறான்.

அப்பத்தாவைச் செய்திருக்க மாட்டான். அவர் போனை வாங்கிப் பாருங்கள்.

இதெல்லாம் எப்போது முடியும்?

முன்யோசனை, பொறுமை இவற்றுக்குப் பொறுப்பான மூளையின் முன்பகுதி இருபதுகளின் நடுப்பகுதி வரை வளர்ந்துகொண்டே இருக்கிறதாம். கணக்குப் போட்டால் எங்கள் பையனுக்கு இன்னும் பத்து வருடத்துக்கு மேல் இருக்கிறது. இதை அவனுக்கு விளக்கியது தப்பாகப் போய்விட்டது என்கிறார் என் கணவர். ஈரத் துண்டை ஏன் கட்டிலில் போட்டாய் என்று கேட்டால், “முன்பகுதி இன்னும் ரெடியாகலப்பா” என்கிறான்.